ஐஸ் கம்பெனியில் நான் ஜப்பான் பாஷை படித்த கதை

1. வாயால் வந்த வேலை

மண்டபத்தில் எங்கள் ஐஸ் கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து புது கம்ப்ரஸர் வந்து இறங்கியது. மரப்பெட்டியை உடைத்ததும் வைக்கோலுக்குள்ளிருந்து முதலில் கைக்கு வந்தது டிராயிங். மானேஜர் அதை விரித்து நேராகப் பார்த்தார். பிறகு தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் ஈர மணலில் நண்டு ஓடிய மாதிரியே இருந்தது.

அப்போது நான் அங்கே எஞ்சின் டிரைவர். பழைய கம்ப்ரஸர் ஓடுகிற நாளைவிடப் படுக்கிற நாள்தான் அதிகம். ஐஸ் இல்லாவிட்டால் கரையில் மீன் நாறும். மீன்காரர்கள் வந்து எங்களை நாறடிப்பார்கள். ஆகவே புது மெஷின் எப்போது ஓடும் என்பது எங்கள் எல்லோருக்கும் மானப் பிரச்சினை.

மானேஜர் டிராயிங்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "மெஷினைப் பூட்டிக் கொடுக்க மொரின்னு ஒரு இன்ஜினியர் வர்றார். அவருக்கு இங்கிலீஷ் வராதாம். மெட்ராஸ்ல மொழிபெயர்க்க ஆள் தேடினேன், சிக்கல. இங்க எவனுக்காவது ஜப்பான் பாஷை தெரியுமாய்யா?"

மற்றவர்கள் குனிந்து வைக்கோலைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். என் வாய்க்கு மட்டும் அமைதி என்றால் ஆகாது.

"எனக்குத் தெரியுமே சார். நம்ம காளிமுத்து யுத்தத்தப்ப சயாம்ல சப்பான்காரன்கிட்ட ரயில் ரோடு போட்டவன். அவனுக்குத் தெரிஞ்சா எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். மானேஜர் சிரிக்கவில்லை. "அப்ப நல்லதாப் போச்சு. நீ அவன்கிட்ட படிச்சுக்க. அடுத்த மாசம் அவர் வர்றார்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி மீனை அலசிக்கொண்டே, "கோயில்ல ஜெபம் சொல்லவே ஒங்களுக்கு நாக்குக் குழறுது. இதுல சப்பானா? அந்த மனுசன் பாவம்" என்றாள். அவள் பரிதாபப்பட்டது மொரிக்காக.

காளிமுத்து எங்கள் கம்பெனியில் ஐஸ் உடைப்பவன். உத்தரகோசமங்கைக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்காரன், என்னைவிடக் கொஞ்சம் இளையவன். கேனிலிருந்து இறங்கும் பெரிய ஐஸ் கட்டியை அவன் ஒரே போடில் நேர்க்கோடாகப் பிளப்பான். அதிகம் பேசமாட்டான். நான் போய் விஷயத்தைச் சொன்னதும் கோடரியைக் கீழே வைத்தான்.

"சொல்லித் தாரேண்ணே. ஆனா ஒண்ணு, அவன் வந்தான்னா அவன் முன்னால என்னைய நிக்கச் சொல்லக்கூடாது."

"ஒன்னைய எதுக்கு நிறுத்துறேன்? அடி வாங்கிறதுக்குத்தான் நான் இருக்கேனே" என்றேன். அவன் அதற்கும் சிரிக்கவில்லை.

2. கத்திப் படித்த பாடம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாடம். ஐஸ் இறக்கும் மேடையின் நிழலில் உட்காருவோம். முதல் நாளே நான் ஒரு சந்தேகம் கேட்டேன்: "ஏப்பா, எல்லாத்தையும் இப்படிக் கத்திக் கத்திச் சொல்றியே, கொஞ்சம் மெதுவாச் சொல்லக்கூடாதா?"

"மெதுவாச் சொன்னா அது அந்தப் பாசையே இல்லண்ணே. கத்துனாத்தான் அது சப்பான்."

அவனுக்கு அது அப்படித்தான் தெரிந்திருந்தது. நானும் கத்தினேன். மேடையில் மீன் தலைக்குக் காத்திருந்த காக்கைகள் பறந்து கூரைக்குப் போயின. வெளியே வலை காயப்போட்டுக் கொண்டிருந்தவர்கள், உள்ளே இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள் என்று விலக்கிவிட ஓடி வந்தார்கள்.

'ஹயாகு' என்றால் சீக்கிரம். 'கொரா' என்றால் ஏலே. 'பக்கயாரோ' என்றால் முட்டாப் பயலே. 'கியோட்ஸுகே' என்றால் விறைப்பாக நில். 'கெய்ரே' என்றால் குனிந்து கும்பிடு. 'பியோக்கி' என்றால் சீக்கு. தண்ணீருக்கு 'மிசு', சோற்றுக்கு 'மெஷி', இல்லை என்பதற்கு 'நை'.

"மிசு, மெஷி ரெண்டும் தனியா வராதுண்ணே" என்றான் காளிமுத்து. "பின்னாலயே நை வரும். சேத்தே படிச்சுக்கங்க."

எண்களுக்கு வந்தபோது அவன் எழுந்து நின்றுகொண்டான். உட்கார்ந்து எண்ண அவனுக்கு வரவில்லை. இச்சி, நி, சான், ஷி என்று போய் ஜூஷிச்சி, அதாவது பதினேழோடு நிறுத்தினான். "மேல சொல்லுப்பா" என்றேன். "அவ்வளவுதாண்ணே" என்றான்.

மறுநாள் தானாகவே சொன்னான். காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி 'பங்கோ' என்று ஒருவன் கத்துவானாம். ஒவ்வொருவரும் தன் எண்ணைக் கத்த வேண்டும். காளிமுத்துவின் அண்ணன் கருப்பையா பதினேழு, காளிமுத்து பதினெட்டு. பிழைப்புக்கு மலாயாவுக்குப் போன இரண்டு பேரையும் ரப்பர் தோட்டத்திலிருந்து சேர்த்தே லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். சயாம் காட்டில் அண்ணனுக்கு வாந்திபேதி கண்டது. சீக்காளிகளை ஒரு தனிக் குடிசையில் போட்டுவிட்டு, நடக்க முடிந்தவர்களை அடுத்த முகாமுக்கு ஓட்டினார்கள்.

"மறுநாள் காலையில பங்கோன்னான். நான் ஜூஹச்சின்னு பதினெட்டக் கத்துனேன். ஆனா பதினேழக் கத்த ஆளு இல்லையே. கன்னத்துல ஒண்ணு விட்டு, இனி நீதான் பதினேழுன்னான். அன்னையிலருந்து சண்டை முடியிற வரைக்கும் எங்கண்ணன் நம்பரத்தான் நான் கத்துனேன்."

எனக்கு எந்தச் சங்கடத்துக்கும் ஒரு கேலி கைவசம் இருக்கும். அன்று கேலியை விட்டுவிட்டு நேராகக் கேட்டேன்.

"அண்ணன் என்ன ஆனாரு?"

"தெரியாது."

"செத்துருப்பாருல்ல?"

"கண்ணால பாக்காதத நான் சொல்லமாட்டேண்ணே. சொன்னா நாக்கு அழுகிரும்."

3. பிளாட்பாரத்தில்

மொரி ரயிலில் வந்தார். மாலையோடு மானேஜர், பக்கத்தில் சலவைச் சட்டையோடு நான். ஒரு பெரிய மனிதரைக் கண்டால் என்ன சொல்ல வேண்டும் என்று காளிமுத்துவிடம் கேட்டு வைத்திருந்தேன். பெரிய ஆபீசர் வரும்போது என்ன சத்தம் கேட்குமோ அதைச் சொல்லிக் கொடுத்திருந்தான். அதைத் தவிர வேறு வரவேற்பு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் பெட்டியிலிருந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கலாம். கையில் சூட்கேஸ். நான் ஓர் அடி முன்னால் போய், மூச்சை நிறைய இழுத்து, ஸ்டேஷனே அதிர, "கியோட்ஸுகே! கெய்ரே!" என்று கத்தினேன்.

சூட்கேஸ் கீழே விழுந்தது. அந்த மனிதரின் இரண்டு கையும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. குதிகால் சேர்ந்தது. கழுத்து விறைத்தது. அப்படியே இடுப்பை மடித்துக் குனிந்தார்.

"அடேயப்பா, என்ன மரியாதை! என்ன மரியாதை!" என்றார் மானேஜர்.

நிமிர்ந்தபோது மொரியின் முகத்தில் ரத்தம் இல்லை. உதட்டுக்கு மேலே வேர்த்திருந்தது. தான் நிற்பது எந்த ஊர் என்று இப்போதுதான் தெரிந்த மாதிரி சுற்றிலும் பார்த்தார். பிறகு என் தோளில் மெதுவாகக் கையை வைத்து, அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்: "நோ சோல்ஜர். ப்ளீஸ். நோ சோல்ஜர்."

என் ஜப்பான் பாஷை அவ்வளவு நன்றாக இருந்தது.

4. குதசாய்

அதன் பிறகு வாத்தியார் மாறினார். காலையில் ஷெட்டுக்குள் வந்ததும் மொரி என்னைப் பார்த்து 'ஓஹாயோ' என்பார், நானும் சொல்ல வேண்டும். ஸ்பேனரைக் கேட்டால் 'ஸ்பேனா, குதசாய்' என்பார். குதசாய் என்றால் தயவுசெய்து கொடு. கொடுத்தால் 'அரிகாத்தோ' என்பார், அது நன்றி. ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பேனர் கை மாறுமோ அத்தனை அரிகாத்தோ. நான் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் அவர் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்துகொள்வார். சரியாகச் சொன்னால் ஒரு பீடி வாங்கிக்கொள்வார். எங்கள் ஊர்ப் பீடி அவருக்குப் பிடித்துப்போனது.

வால்வு எதை முதலில் திறப்பது, எதை அப்புறம் திறப்பது என்பதற்கெல்லாம் நாங்கள் பாஷையைத் தொந்தரவு செய்யவில்லை. சாக்குக்கட்டியால் வால்வு மேலேயே ஒன்று, இரண்டு என்று எழுதிக்கொண்டோம். வேலை நடந்தது.

புதுச் சொற்களைக் கொண்டுபோய்க் காளிமுத்துவிடம் சொன்னேன். கோடரியை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"தயவுசெஞ்சுக்கு ஒரு சொல்லு இருக்காமா?"

"இருக்குப்பா. குதசாய்."

"நன்றிக்கு?"

"அரிகாத்தோ."

அவன் கோடரியைத் தூக்கி ஒரு கட்டியைப் பிளந்தான். "அவனுகளுக்குள்ளயே பேசிக்கிருவானுக போல" என்றான்.

கம்ப்ரஸரை ஃபவுண்டேஷன் மேலே தூக்கி வைக்கிற நாள் வந்தது. ஆள் பற்றாமல் மானேஜர் ஐஸ் உடைப்பவர்களையும் கூப்பிட்டுவிட்டார். காளிமுத்து பின் வரிசையில் கடப்பாரையோடு நின்றான். செயின் பிளாக்கை இழுக்க எல்லோரும் ஒரே மூச்சில் பலம் கொடுக்க வேண்டும் அல்லவா? மொரி கையை உயர்த்திக் குரல் கொடுத்தார்: "இச்சி! நி! சான்!"

மெஷின் எழும்பியது. பின்னால் கடப்பாரை சிமெண்டில் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் காளிமுத்து கைகளைத் தொடையோடு ஒட்டி, நேரே எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். ஸ்டேஷனில் மொரி நின்ற அதே நிலை.

மொரியும் பார்த்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு ஷெட்டுக்குள் அவர் எண்ணவே இல்லை. ஒரு விசில் வாங்கிவரச் சொல்லி, எதற்கும் அதைத்தான் ஊதினார்.

5. பேச்சி

சில நாட்கள் கழித்து கேட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்துகொண்டு, சப்பான்காரரைப் பார்க்காமல் போகமாட்டேன் என்கிறாள் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். முப்பது தாண்டிய வயது, கறுப்பு, காலெல்லாம் புழுதி. கழுத்தில் தாலி இருந்தது.

"நான் பேச்சி. காளிமுத்துக்கு மதினி. கருப்பையா சம்சாரம்" என்றாள். "சப்பான் பாசை படிச்ச அண்ணன் நீங்கதானா?"

"படிச்சேன்னு சொல்லாத தாயி. கேட்டா மொரி சிரிப்பாரு."

"எனக்குச் சிரிப்பு வேணாம். ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."

அவள் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியாமல் புருஷன் மலாயா போனவன். தம்பி திரும்பி வந்தான், அவன் வரவில்லை. அவர்கள் வழக்கத்தில் புருஷன் இறந்தால் தாலியை அறுத்துவிட்டு வேறு ஒருவரைக் கட்டிக்கொள்ளலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

"ஆனா அறுக்கணுமில்ல? செத்தான்னு பங்காளி ஒருத்தன் ஊர்க்கூட்டத்துல நின்னு சொன்னாத்தான் அறுக்க முடியும். கூட இருந்த பங்காளி இந்தா நிக்கிறாரே, எங்க கொழுந்தனாரு, இவரு ஒருத்தருதான். இவரு கண்ணால பாக்கலைங்கிறாரு. நல்ல காரியத்துக்குக் கூப்பிடுறவுகளும் என்னையக் கூப்பிடறதில்ல, எழவுக்குக் கூப்பிடுறவுகளும் கூப்பிடறதில்ல. நான் எதுல சேத்தி?"

காளிமுத்து அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். "வந்தாலும் வந்துருவான் மதினி" என்றான்.

"வந்தா அவன வச்சு நீரு சோறு போடும்" என்றாள் அவள், திரும்பாமலே. பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். "திருவாடானைப் பக்கம் ஒருத்தரு கேட்டு விட்டிருக்காரு. சம்சாரம் தவறுனவரு. நல்ல மனுசன். எத்தன நாளுதான் அவரும் பாப்பாரு? சாவா இருந்தாலும் சொல்லிருங்கண்ணே."

6. பதில்

அன்று மாலை நான் கேள்வியைக் கட்டினேன். எனக்குத் தெரிந்த சொற்களைப் பொறுக்கி வரிசையாக வைத்தேன். சயாம். ரயில். பியோக்கி ஹிதோ, அதாவது சீக்காளி மனிதர்கள். தோக்கோ, அதாவது எங்கே. இலக்கணம் எல்லாம் கிடையாது. ஆனால் கேட்கிறவருக்குப் புரியாமல் போகாது.

மொரி கேட்டார். பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "வகரிமசேன்" என்றார். தெரியாது. கேஸ்கெட்டை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் போய்விட்டார். அதன் பிறகு ஸ்பேனர், நட், வால்வு தவிர வேறு பேச்சு இல்லை. அரிகாத்தோகூடக் குறைந்தது.

பேச்சி போகவில்லை. பகலில் கேட்டில் உட்காருவாள், பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டில் வந்து படுப்பாள். என் மனைவி மீன் குழம்பு வைத்துக் கொடுத்தாள். பதில் வருகிற வரை என்னால் வீட்டிலும் தலை நிமிர முடியவில்லை.

புது மெஷின் முதல் ஐஸ் இறக்கிய நாளில் மானேஜர் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். அடுத்த ரயிலில் மொரி கிளம்ப வேண்டும். கேட்டைக் கடக்கும்போது அவர் நின்று, அந்தப் பெண்ணைக் காட்டி, யார் என்று கேட்டார். தினமும் பார்த்துக்கொண்டுதான் போயிருந்தார்.

"பியோக்கி ஹிதோ" என்றேன். "ஒக்குசான்."

அந்தச் சீக்காளியின் மனைவி.

அவர் தொப்பியைக் கழற்றினார். என்னைப் பார்த்து, ஐஸ் உடைக்கிற மேடையைக் கையால் காட்டினார். அவனையும் கூப்பிடு என்று அர்த்தம். நான் போய்க் கூப்பிட்டேன். யார் முன்னால் நிற்கமாட்டேன் என்றானோ அவர் முன்னால் காளிமுத்து வந்து நின்றான். கோடரியை வைக்க மறந்து கையிலேயே பிடித்திருந்தான். மொரி அதைப் பார்த்தார், விலகவில்லை.

எனக்கு எவ்வளவு தெரியும் என்று மொரிக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த சொற்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, மெதுவாக, கத்தாமல் பேசினார். தன் நெஞ்சைத் தொட்டு, "காவா. எஞ்சின்" என்றார். ஆறு, படகு எஞ்சின். அவர் அந்த ரயில் ரோட்டை ஒட்டிய ஆற்றில் கீழே படகு எஞ்சின் ரிப்பேர் பார்த்த சிப்பாய். மேலே முகாமுக்குப் போகவில்லை. மேலே போய்த் திரும்பிய படகுக்காரர்கள் சொன்னதுதான் தெரியும் என்பதைக் கைஜாடையால் காட்டினார்.

பிறகு சொன்னார்:

"பியோக்கி ஹிதோ. ஃபுனே நை."

சீக்காளிகளுக்குப் படகு இல்லை.

"மிசு நை. மெஷி நை."

நான் தமிழில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் காளிமுத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அந்தச் சொற்களைச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். அவனுக்கு எதற்கு நான்?

"மின்னா ஷிண்டா" என்றார் மொரி. எல்லோரும் செத்துப்போனார்கள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. "இயே" என்று சொல்லி, கையால் கூரை மாதிரிக் காட்டினார். குடிசை. அடுத்த சொல் எனக்குத் தெரியுமா என்று யோசித்தார். தெரியாது என்று முடிவு செய்து, சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்தார். கையால் காட்டிய அந்தக் கூரைக்குக் கீழே பிடித்தார். குச்சி விரலைச் சுடும் வரை பிடித்திருந்தார்.

ஒரு ஜப்பான்காரர் பேசியது முழுதும், ஒரு சொல் விடாமல், எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"சொல்லாதீகண்ணே" என்றான் காளிமுத்து.

"சொல்லுங்கண்ணே" என்றாள் பேச்சி.

சொன்னேன். படகு இல்லை, தண்ணீர் இல்லை, சோறு இல்லை, எல்லோரும் போய்விட்டார்கள், குடிசையைக் கொளுத்திவிட்டார்கள். அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், ஏதோ வேலைக்குக் கிளம்புகிற மாதிரி.

காளிமுத்துதான் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "உசிரு போறதுக்கு முன்னாலயா, பின்னாலயா? கேளுங்கண்ணே."

நான் மொரியைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். முன்னால் என்பதற்கும் பின்னால் என்பதற்கும் என்னிடம் சொல் இல்லை. வால்வு மேலே சாக்குக்கட்டியால் ஒன்று, இரண்டு என்று எழுதினோமே, அந்த இரண்டு சொல்லும் அங்கேதான் நின்றுபோயின.

"எனக்குத் தெரியலப்பா. அவ்வளவு தூரம் எனக்குப் பாஷை வராது" என்றேன்.

மொரி பேச்சியைப் பார்த்து இடுப்பை மடித்துக் குனிந்தார். யாரும் கெய்ரே சொல்லவில்லை. நிமிரவே வெகுநேரமாகியது. அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வந்த வண்டிக்காரன் மணியை அடித்துக்கொண்டே இருந்தான்.

7. ஊர்க்கூட்டம்

சாட்சி சொல்ல நானும் அவர்கள் கிராமத்துக்குப் போனேன். மாரியம்மன் கோயில் பொட்டலில் கூட்டம். நடுவில் ஊர் அம்பலம், அதாவது தலைவர், வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார். நானோ அந்நிய சாதி, அந்நிய மதம், கடற்கரை ஆள். என்னைப் பார்த்ததும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஏம்ப்பா, அந்தாளு சொன்னத அவன் பாசையிலயே சொல்லு, கேப்போம்."

சொன்னேன். பியோக்கி ஹிதோ, ஃபுனே நை. சிறுசுகள் சிரித்தன. அம்பலம் அதட்டினார். பிறகு தமிழில் சொன்னேன். சிரித்த பிள்ளைகளும் அடங்கின.

அம்பலம் வெற்றிலையைத் துப்பிவிட்டு, நான் பயந்த கேள்வியையே கேட்டார். "குடிசைய எரிச்சான்னா, செத்த பெறகு எரிச்சானா? ஏன் கேக்கிறேன்னா, செத்த பெறகுன்னா அதுவே கொள்ளி. சடங்கு பாதி முடிஞ்சது, இன்னைக்கே அறுக்கலாம். இல்ல, உசிரோட இருக்கயில தீப்பட்டுதுன்னா அது துர்மரணம். அதுக்குச் சாந்தி வேற, தவணை வேற. ஒரு வருசம் போகணும். அதுக்குப் பெறகுதான் தாலியத் தொடலாம்."

பேச்சி பெண்கள் பக்கம் நின்றாள். திருவாடானைக்காரர் இன்னும் ஒரு வருஷம் பொறுப்பாரா என்று அவள் கணக்குப் போட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

"நீதானேப்பா கேட்ட ஆளு, சொல்லு" என்றார் அம்பலம் என்னிடம்.

"அது எனக்குத் தெரியாதுங்க. கேக்கத் தெரியல."

கூட்டம் முணுமுணுத்தது. அம்பலம் 'அப்ப ஒரு வருசம்' என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது காளிமுத்து எழுந்தான். கூட்டத்தின் நடுவே வந்து நின்றான். கைகள் தொடையோடு ஒட்டவில்லை. நெஞ்சுக்கு நேராகக் கும்பிட்டிருந்தன.

"எங்கண்ணன் செத்துட்டான். செத்த பெறகுதான் எரிச்சானுக."

"நீ கண்ணால பாத்தியாலே?"

"பாத்தேன்."

"பாத்தவன் இத்தன வருசமா ஏன்லே சொல்லல?"

"பயமா இருந்துச்சு அய்யா."

அம்பலம் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் புது வெற்றிலை ஒன்றை மடித்தார். கடைசியில், "சரி, பங்காளி சொல்லிட்டான். பாலக் கொண்டாங்கப்பா" என்றார்.

கிண்ணத்தில் பால் வந்தது. பேச்சி தாலியைத் தானே கழற்றினாள். யாரையும் தொடவிடவில்லை. பாலில் அதைப் போட்டபோது சத்தமே வரவில்லை. காளிமுத்துவைக் கடந்து போகையில் ஒரு நிமிஷம் நின்றாள். குடிசை எரிவதற்கு முன்னாலேயே அவன் அந்த முகாமை விட்டு நடந்துவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "கொழுந்தனாரே, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஆவணியில் திருவாடானைக்காரர் அவளைக் கட்டிக்கொண்டார். மேளம் இல்லாமல் நடந்தது. முதல் புருஷன் வீட்டு ஆட்கள் அந்தக் கல்யாணத்தில் நிற்கக்கூடாது என்பது வழக்கம். அன்றைக்குக் காளிமுத்து வேலைக்கு வந்திருந்தான். கட்டிகள் எல்லாம் கோணலாகப் பிளந்தன. ஐஸ் வாங்க வந்தவர்கள் திட்டினார்கள், வாங்கிக்கொண்டான்.

8. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு

இப்போது வெளிநாட்டு மெஷின்கள் நிறைய வருகின்றன. பையன்கள் என்னிடம் வந்து, "அண்ணே, ஜப்பான் பாஷையில முதல்ல எதப் படிக்கணும்?" என்று கேட்கிறார்கள். என்னைப் பண்டிதன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை, இந்தக் கம்பெனியில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

எண்களையும் சாப்பாட்டுச் சொற்களையும் எவனும் தானாகப் படித்துக்கொள்வான். திட்டு இன்னும் சீக்கிரம் வரும். சாக்குக்கட்டியை நம்பாதே என்றுதான் நான் சொல்வேன். கைஜாடையில் வேலை முடிந்துவிட்டது என்பதற்காக ஒரு சொல்லைப் படிக்காமல் விடாதே. மெஷின் ஓடிவிடும். மனிதர்கள் வந்து கேட்கும்போதுதான் அந்தச் சொல் இல்லை என்று தெரியும்.

மொரி போன பிறகு மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிழிந்த பாஷைப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. முன்னால் என்பதற்கு 'மாயே', பின்னால் என்பதற்கு 'அதோ'. இரண்டும் சின்னச் சொற்கள்தான், ஒரு மதியத்தில் படித்துவிடலாம். படித்துவிட்டேன். காளிமுத்து இன்னமும் என் பக்கத்தில்தான் சாப்பிட உட்காருகிறான். அந்த இரண்டையும் இதுவரை நான் அவனிடம் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.